கழுதை ஆற்றைக் கடந்த விதம்

பகலில் நான் ஒரு அச்சகத்தில், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள்களுக்குப் பிழை திருத்துகிறேன். ஒரு புள்ளி இடம் மாறி உட்கார்ந்தால் ஆள் காலி என்கிற வேலை. அதனாலோ என்னவோ, யார் வாய்ப்பேச்சின் மீதும் எனக்குச் சட்டென்று நம்பிக்கை வராது. வீட்டுக்கு வந்தால் இன்னொரு வேலை, சம்பளமில்லாதது. இணையக் கலைக்களஞ்சியத்தில் மற்றவர்கள் எழுதிப் போடும் வாழ்க்கைக் குறிப்புகளைத் தரம் பார்ப்பது. தேறினால் கட்டுரையின் தலையில் ஒரு நட்சத்திரம் விழும். தேறாவிட்டால் என்னிடமிருந்து திட்டு விழும். அங்கே யாருக்கும் யார் முகமும் தெரியாது, எல்லாம் புனைபெயர்தான். எனக்கு அவர்களாக வைத்த பெயர் 'கத்தரி'. கோபம் வரவில்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

என் கணவருக்கு இதெல்லாம் வேடிக்கை. ஊரில் யார் எப்போது பிறந்தார்கள் என்று சரிபார்க்கிற உனக்கு, நம் கல்யாண நாள் மட்டும் மறந்துபோகிறதே என்பார். அவர் சொல்வதற்கும் ஆதாரம் கிடையாது.

ஒரு சனிக்கிழமை மதியம் என் பார்வைக்கு வந்தது ஒரு அனிமேஷன் கலைஞரின் வாழ்க்கைக் குறிப்பு. ஆள் உயிரோடு இருக்கிறார், வயது எண்பதுக்கு மேல். கையால் வரைந்து படமெடுத்த தலைமுறை. அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பத்து நிமிடக் கழுதைப் படம். முதுகில் மூட்டையோடு ஒரு கிழட்டுக் கழுதை ஆற்றைக் கடந்து போகும். அவ்வளவுதான் கதை, பேச்சே கிடையாது. எங்கள் வயதுக்காரர்கள் அத்தனை பேரும் சின்ன வயதில் அதைத் தொலைக்காட்சியில் பார்த்து அழுதிருக்கிறோம். என் கணவர் அந்த நடையை அப்படியே நடந்து காட்டுவார். தேநீர்த் தட்டை ஏந்திக்கொண்டு சமையலறையிலிருந்து கூடத்துக்கு வரும்போது முன்கால் சேற்றில் அமுங்கும், பின்கால் வரலாமா வேண்டாமா என்று யோசிக்கும். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது இந்தக் கூத்து இல்லாமல் இந்த வீட்டில் சோறு இறங்காது.

கட்டுரை அருமையாக இருந்தது. திட்டுவதற்கு ஒன்றும் கிடைக்காமல் எனக்கே கை அரித்தது. ஒவ்வொரு வரிக்கும் எந்தப் பத்திரிகை, எந்த இதழ், எந்தப் பக்கம் என்று ஆதாரம் காட்டியிருந்தார்கள். ஒரே ஒரு வரிக்கு மட்டும் இல்லை. 'இப்படத்தில் கழுதையின் நடைக்கான இடைப்படங்கள் அனைத்தையும் வரைந்தவர் அவருடைய பெண் உதவியாளர்' என்பது அந்த வரி. கையால் வரையும் படங்களில் பெரியவர் முதல் நிலையையும் கடைசி நிலையையும் வரைந்து கொடுத்துவிடுவார். காலைத் தூக்கியது ஒன்று, காலை ஊன்றியது ஒன்று. நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக மாறும் அத்தனை படங்களையும் உதவியாளர்கள் வரைவார்கள். அவைதான் இடைப்படங்கள். அவர்கள் பேர் திரையில் வராது, பத்திரிகையிலும் வராது.

உயிரோடு இருப்பவர்களைப் பற்றி ஆதாரமில்லாமல் எது இருந்தாலும் அந்த நிமிடமே எடுத்துவிட வேண்டும். இந்த விதியை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. எடுத்தேன். காரணம் கேட்கும் கட்டத்தில் வழக்கம்போல 'ஆதாரம் இல்லை. நீக்கப்பட்டது' என்று தட்டினேன்.

படத்தின் நீளம் சரியா என்று பார்க்க, படத்தையும் ஒருமுறை ஓடவிட்டேன். கழுதை இக்கரையில் நின்றது. காது ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நின்றுகொண்டே இருந்தது. அப்புறம் அக்கரையில் நின்றது.

இணைய இணைப்புதான் மக்கர் பண்ணுகிறது என்று நினைத்தேன். வேறு தளத்தில் பார்த்தேன். அங்கேயும் அதேதான். ஆறு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, கழுதை நடக்கவில்லை. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சலிப்பாக, இதில் என்ன அதிசயம், ஆற்றைத் தாண்டுவதைக் காட்டாமல் விட்டதுதானே அந்தப் படத்தின் பெருமையே என்றார்.

"அப்ப நீங்க தட்டைத் தூக்கிட்டு நடந்து காட்டுவீங்களே?"

"எதை?"

எனக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அன்று மாலை தேநீர் கொண்டுவந்தபோது சாதாரணமாக, எல்லாரையும் போல நடந்து வந்தார். படம் மாறியதைவிட அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

கட்டுரையைத் திரும்பத் திறந்தேன். 'நிஜக் கழுதையே தோற்றுப்போகும் நடை' என்று ஒரு பழைய விமர்சனத்திலிருந்து மேற்கோள் இருந்தது, மதியம்தான் அதன் பக்கத்தைப் பார்த்துச் சரி என்று குறித்திருந்தேன். இப்போது அதே இதழில், அதே பக்கத்தில், 'நடையையே காட்டாத துணிச்சல்' என்று இருந்தது. தாள் பழுத்திருந்தது. எழுத்து பழைய அச்சு எழுத்து. என் தொழிலே அதுதான், என்னை ஏமாற்ற முடியாது. யாரும் எதையும் ஒட்டியிருக்கவில்லை.

மறுநாள், கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் எனக்கு ஒரு செய்தி வந்திருந்தது. எழுதியவர் அந்தக் கட்டுரையை உருவாக்கியவர். 'அந்த வரியை எடுத்தவர் நீங்கள்தானே. அப்படியானால் உங்களுக்காவது ஞாபகம் இருக்கும். நேரில் பார்க்க வேண்டும்' என்று இருந்தது. இதே ஊர்தான். வீட்டு முகவரியைக் கொடுத்தேன். முன்பின் தெரியாதவர்களை வீட்டுக்கு வரச்சொல்லும் ஆளே இல்லை நான்.

அழைப்பு மணி அடித்ததும் கதவைத் திறந்தேன். வெளிக்கதவின் கொக்கியில் கை வைத்தபடி ஒரு அம்மாள் நின்றிருந்தார். அறுபதைத் தாண்டிய வயது, காலில் கான்வாஸ் செருப்பு. உள்ளே வாங்க என்றேன். அசையவில்லை. திரும்பவும் கூப்பிட்டேன். காற்றில் அவருடைய புடவைத் தலைப்பு ஆடியது, அவர் ஆடவில்லை. நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு அவர் என் பின்னால், கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒன்றுமே நடக்கவில்லை.

என் கணவர் வந்து நலம் விசாரித்துத் தேநீர் வைத்துவிட்டுப் போனார். அவருக்கு எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. வயதானவர்கள் கொஞ்சம் மெதுவாகத்தான் இருப்பார்கள் என்று பிற்பாடு என்னையே கண்டித்தார். தேநீர் ஆறி ஆடை படிந்தது. பிறகு தம்ளர் காலியாக இருந்தது.

அந்த அம்மாள் பேசியதும் அப்படித்தான், விட்டு விட்டு. அந்தக் கழுதையின் நடையை வரைந்தவர் அவர்தான். கணவருக்குப் பக்கவாதம் வந்து வீட்டோடு இருந்த நாட்களில் நூலகங்களில் பழைய பத்திரிகைகளைத் தேடித் தன் குருவைப் பற்றி அந்தக் கட்டுரையை எழுதியிருக்கிறார். தன்னைப் பற்றி ஒரே ஒரு வரி சேர்த்துக்கொண்டார்.

"எல்லாத்துக்கும் ஆதாரம் கிடைச்சுதும்மா. எனக்கு மட்டும் கிடைக்கல."

நான் வரியை எடுத்த நேரத்திலிருந்து தனக்கு நடுவே நடப்பதெல்லாம் காணாமல் போகிறது என்றார். அடுப்பைப் பற்ற வைத்தால், அடுத்ததாகப் பால் பொங்கி வழிந்து காய்ந்திருக்கிறது. தலை வாரச் சீப்பை எடுத்தால் இருட்டிவிடுகிறது. முதலில் நொடிகள்தான் போயின, இப்போது மணிக்கணக்காகப் போகிறது. இது இப்படியே நீண்டால் கடைசியில் இரண்டு படம்தான் மிஞ்சும் என்றார். எந்த இரண்டு என்று நான் கேட்கவில்லை.

ஆனால் அவர் கவலை அதுவல்ல. இரண்டு வருஷமாகக் கட்டிலில் கிடந்த கணவர் இந்த வாரம் நடக்கப் பார்ப்பார் என்று பயிற்சி கொடுப்பவர் சொல்லியிருந்தாராம்.

"ஊருக்கெல்லாம் நடை வரைஞ்சேன். அவர் நடக்கிறதை மட்டும் ஒரு தடவை முழுசாப் பாத்துடணும்மா. அதுக்கப்புறம் போனாப் போகட்டும்."

எனக்குக் குற்ற உணர்ச்சியைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது, யார்மீது என்றுதான் தெரியவில்லை. அவர் எதிரிலேயே மடிக்கணினியைத் திறந்து அந்த வரியைத் திரும்பச் சேர்த்தேன்.

அவர் மூச்சு விட்டார். கைவிரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தார். எழுந்தார். எழுவது அவ்வளவு அழகான காரியம் என்று எனக்கு அதுவரை தெரியாது. முழங்காலில் கை ஊன்றி, கொஞ்சம் முன்னால் சாய்ந்து, இடுப்பு நிமிர்ந்து. ஜன்னல் வரைக்கும் நடந்தார். சமையலறையிலிருந்து என் கணவர் பிஸ்கட் தட்டோடு கழுதை நடை நடந்து வந்து, விருந்தாளியைப் பார்த்ததும் வெட்கப்பட்டு நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

திரும்பி வரும்போது அந்த அம்மாள் ஒரு காலைத் தூக்கியவர் தூக்கியபடியே நின்றார்.

கணினியைப் பார்த்தேன். வரி இல்லை. 'ஆதாரம் இல்லை. நீக்கப்பட்டது.' எடுத்தவன் எங்கள் கூட்டத்தில் 'தராசு' என்கிற பையன். முகம் பார்த்ததில்லை. தரம் பார்க்கும் வேலையை அவனுக்கு ஆனா ஆவன்னாவிலிருந்து கற்றுக்கொடுத்தது நான். ஏன் எடுத்தாய் என்று கேட்டு எழுதினேன். உங்கள் கணக்கை யாரோ திருடிவிட்டார்களோ என்று பயந்துவிட்டேன், இது நீங்கள் எழுதிய விதிதானே அக்கா என்று பதில் போட்டான். மரியாதையான பையன். அந்த மரியாதைக்காகவே அவனை நாலு அறை அறையலாம் போல இருந்தது.

ஒரே வழிதான் தெரிந்தது. கலைஞரே ஒரு பத்திரிகையில் வாய் திறந்து, நடை தன்னுடையதல்ல என்று சொல்லி அது அச்சில் வந்தால் ஆதாரமாகிவிடும். திங்கட்கிழமை அச்சகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, அந்த அம்மாளை வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு கலைஞரின் வீட்டுக்குப் போனேன். ஏற்றினேன் என்பது பேச்சுக்குத்தான். கார்க் கதவருகே நின்றவருக்காக டிரைவர் முணுமுணுத்துக்கொண்டு காத்திருந்தார், பிறகு அவர் உள்ளே இருந்தார்.

கலைஞரின் வேலை அறையில் அடியிலிருந்து விளக்கு எரியும் கண்ணாடி மேஜை இருந்தது. சுவரோரம் உயரமான தகர அலமாரி. அவர் எங்களை உட்காரச் சொன்னார், அம்மாளை யார் என்று விசாரித்தார். அடையாளம் தெரியவில்லை. நடிப்பில்லை, நிஜமாகவே தெரியவில்லை. எட்டு வருஷம் அதே மேஜையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து வேலை செய்தவர், கழுதை ஆற்றில் நடந்தது இவர் கையால்தான், அதை ஒரு பத்திரிகைக்குச் சொல்லுங்கள் என்றேன். தான் எப்போதுமே தனியாகத்தான் வேலை செய்ததாகச் சொல்லி அலமாரியைத் திறந்து காட்டினார். கழுதைப் படத்தின் தாள்கள் வரிசையாக இருந்தன. மூலையில் எண்கள் இருந்தன, ஒன்று, ஒன்பது, பதினேழு என்று. நடு எண்கள் இல்லை. தாள்களுக்கு இடையில் மட்டும் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. பக்கத்துத் தாளைத் தள்ளிப் பார்த்தேன், நகரவில்லை. அங்கே ஏதோ அடுக்கி வைத்திருக்கிறாற்போல் கெட்டியாக நின்றது. கையை எடுத்தபோது விரல் நுனி ஈரமாக இருந்தது.

கலைஞர் அதைப் பார்த்தார். அலமாரியை மூடிவிட்டு, என் பக்கம் மட்டும் திரும்பிக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ரெண்டு நாளா இதுக்குள்ள சத்தம் கேக்குது. யாரோ தண்ணியில காலை வெச்சு வெச்சு எடுக்கிற மாதிரி." மூடிய கதவில் ஒருமுறை கை வைத்துப் பார்த்தார். "அந்தக் கழுதை நடந்துச்சுன்னு சொல்றீங்களே. நல்லா நடந்துச்சா?"

பார்த்தவர்கள் அத்தனை பேரும் அழுதோம் என்றேன்.

"அப்ப நான் சொல்ல மாட்டேன்" என்றார். "நடக்காத கழுதை என்னோடது. அது நடந்துச்சுன்னா இவங்களோடது."

அவருடைய வயதையும் மறந்து வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் திட்டை வாங்கிக்கொண்டு மேஜை விளக்கை அணைத்தார். அம்மாள் நாற்காலியின் விளிம்பில், எதையோ சொல்ல வாயைத் திறந்த நிலையில் இருந்தார். அவர் எங்கள் பேச்சில் எதைக் கேட்டார், எதைக் கேட்கவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. காரில் திரும்பும்போது, "ஐயா நல்லாத்தானே இருக்கார்?" என்று மட்டும் கேட்டார்.

அன்று மாலை நான் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். எப்போதோ நின்றுபோன ஒரு சினிமாப் பத்திரிகையின் பேரைப் போட்டு, ஒரு இதழ் எண்ணையும் ஒரு பக்க எண்ணையும் நானாகக் கற்பனை செய்து, அந்த வரிக்கு ஆதாரம் என்று கொடுத்து வரியைத் திரும்பச் சேர்த்தேன். இந்தத் தில்லுமுல்லைச் செய்தவர்களை எத்தனையோ பேரை நான் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறேன். எப்படிச் செய்தால் சீக்கிரம் மாட்ட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? அந்தப் பத்திரிகை இணையத்தில் கிடையாது. ஊரில் ஒரே ஒரு நூலகத்தில்தான் இருக்கிறது.

தராசு விடவில்லை. சந்தேகப்படவில்லை, வழக்கப்படி சரிபார்க்கிறேன் என்றான். நூலகம் புதன்கிழமை காலை திறக்கும், போய்ப் பார்த்துவிட்டு நட்சத்திரம் போட்டுவிடலாம் அக்கா என்று சந்தோஷமாக எழுதியிருந்தான். அவனுக்குக் காய்ச்சல் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அம்மாளுக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். நாளைக்கு, செவ்வாய்க்கிழமையே உங்கள் கணவரை நடக்க வைத்துவிடுங்கள் என்றேன். சொல்லும்போதே எனக்கு அசிங்கமாக இருந்தது. எழுந்து நிற்கவே அவர் தடுமாறுகிறார், கால் தயாராகும்போதுதான் தயாராகும் என்று அந்த அம்மாள் பொறுமையாகச் சொன்னார். செவ்வாய்க்கிழமை முழுக்க அவர் வீட்டில் சும்மா உட்கார்ந்து, கணவர் மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாராம். ஒன்றுவிடாமல் பார்த்தேன் என்றார்.

புதன்கிழமை அச்சகத்தில் ஒரு இருமல் மருந்தின் தாள் என் முன்னால் கிடந்தது. பக்கத்திலேயே கணினியில் அந்தக் கட்டுரையைத் திறந்து வைத்திருந்தேன். வரி நின்றது. தொலைபேசி அடித்தது.

"எந்திரிச்சுட்டாரும்மா." அவர் குரல் மூச்சு வாங்கியது. "கட்டிலை விட்டு எந்திரிச்சு என் கையைப் பிடிச்சுட்டு நிக்கிறார். ஜன்னல் வரைக்கும் போகணுமாம். உங்ககிட்டச் சொல்லணும்னு தோணுச்சு. போனை இப்படியே வெச்சுக்கறேன், கேளுங்க. காலைத் தூக்கறார்—"

பக்கத்தைப் புதுப்பித்தேன். வரி இல்லை. 'குறிப்பிட்ட பக்கத்தில் அப்படி எதுவும் இல்லை. நீக்கப்பட்டது.' கீழேயே, பொய் ஆதாரம் கொடுத்ததற்காக என் கணக்கை முடக்கியிருக்கிறார்கள் என்ற அறிவிப்பும் இருந்தது. நான் தட்டிய எதுவும் உள்ளே போகவில்லை.

தொலைபேசியில் அவர் குரல் நின்றுவிட்டது. ஆனால் வீடு நிற்கவில்லை. எங்கோ மின்விசிறி ஓடியது. ஒரு ஆண் குரல் குழறலாக, கையை விடு, நானே போறேன் என்றது. திரும்பவும் அதையே சொன்னது. பிறகு துணி உரசும் சத்தம், கையை விடுவித்துக்கொண்டிருப்பார். ஒரு காலடி. இன்னொரு கால் தரையில் இழுபட்டு வந்தது. நான் காதோடு தொலைபேசியை அழுத்திக்கொண்டேன். அக்கா, அக்கா என்று கத்தினேன். பக்கத்து மேஜைக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். காலடி, இழுவை. காலடி, இழுவை. நடுவில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது, கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. மறுபடி நடந்தார். ஜன்னல் கதவு படாரென்று திறந்தது. "பாத்தியா, வந்துட்டேன்" என்றார். மறுபடியும் "பாத்தியா?" என்றார்.

நெடுநேரம் கழித்து அந்த அம்மாளின் குரல் என் காதுக்குள் வந்தது.

"ஜன்னல்கிட்ட நிக்கிறாரும்மா." அழுகிறாரா என்று தெரியவில்லை. "எப்படிப் போனார்?"

மருந்துத் தாளை ஒதுக்கி வைத்தேன். தராசு எனக்கு ஏதோ எழுதியிருந்தான், அதை மூடினேன்.

"நான் கேட்டுட்டுத்தான் இருந்தேன்க்கா" என்றேன். "முதல்ல கையை விடச் சொன்னார். தானே போறேன்னார். ஒரு காலை அழுத்தி வெச்சார், இன்னொரு கால் இழுத்துக்கிட்டே வந்துச்சு. பாதி தூரத்துல நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு வாங்கினார்."

"அப்புறம்?"

"அப்புறம் உங்களைத் திரும்பிப் பாத்துச் சிரிச்சார்."

சிரித்தது என் காதில் விழவில்லை. அதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் கிடையாது. அந்த முனையில் அவர் மறுபடி அசையாமல் போய்விட்டாரா, இல்லை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாரா என்றும் தெரியவில்லை. நிறுத்தாமல் அடுத்த அடியைச் சொன்னேன்.